ஆறு வருடம், ஒரு மடக்குத் தடி, கொஞ்சம் தங்கூசி

2019 இல் கொழும்பு புறக்கோட்டையில் மீன் பிடிக்க வாங்கிய மடக்குத் தடி இது. நீட்டினால் ஏழடி. மடக்கினால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. அதோடு ஒரு சின்ன றீல், கடைக்காரரே சுற்றித் தந்த தங்கூசி (நைலோன் நூல்), ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறையத் தூண்டில் முள்ளு. எல்லாமாக 4,500 ரூபாய் வந்தது. வீட்டில் கேட்டபோது 2,000 என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது.

இருப்பது கிளிநொச்சிப் பக்கம். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி, வான்கதவுகள் திறந்து, வெள்ளம் ஊருக்குள் வந்ததே, அப்போது வயலுக்குள் சனம் கையாலேயே விரால் பிடித்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து பிடித்த ஆசை. இரணைமடு பெரிய குளம், முழுக்க நிரம்பினால் 36 அடி. ஆனால் நான் அதிகம் போவது ஊருக்குள் இருக்கிற சின்னக் குளங்களுக்குத்தான். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு எனக்கு இருக்க இடம் இருக்காது.

முதல் மூன்று மாதம் ஒன்றும் படவில்லை. தடியை வீசத் தெரிந்ததும் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது. முப்பது கெஜம், நாற்பது கெஜம். நடுக்குளத்தில் மிதப்பு அழகாக மிதக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் ஓர் ஐயா, எழுபது தாண்டியிருக்கும், பத்தடி மூங்கில் தடியின் நுனியில் தங்கூசியைக் கட்டி, குளக்கட்டுக் கல்லுக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டுக் குந்தியிருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒன்று தூக்குவார். ஒரு நாள் என் தடியைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, உது மீன் பிடிக்கிற சாமானோ, ரேடியோ அன்ரனாவோ?"

சிரித்துச் சமாளித்தேன். பிறகு அவரே சொன்னார்: "மீன் உங்கை காலடியிலை நிக்குது. நீர் அங்காலை எறிஞ்சு ஆரைத் தேடுறீர்?"

அவர் சொன்னது திலாப்பியாவை. எங்கள் பக்கம் ஜப்பான் மீன் என்றும் சொல்வார்கள். இலங்கைக்கு 1952 இல் கொண்டுவந்து விட்ட மீன், இன்றைக்கு இது இல்லாத குளம் இல்லை. கட்டுக் கல்லில் படிகிற பாசியை மேய்வதற்குக் காலையில் கரையை ஒட்டியே வரும். அதைப் பிடிக்க ஏழடித் தடியும் வேண்டாம், றீலும் வேண்டாம். நேர் கீழே விட்டு, மிதப்பு சாய்ந்ததும் மேலே தூக்க வேண்டும். அதற்கு மூங்கில் தடியை அடிக்க ஆள் இல்லை. ஆறு வருடம் கழித்தும் திலாப்பியாவுக்கு நான் மூங்கிலைத்தான் எடுத்துப் போகிறேன். மடக்குத் தடி வாங்க நினைப்பவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் றீல் எதற்கு? விராலுக்கு.

விரால் நிற்பது தாமரை இலைக்கும் புல்லுக்கும் நடுவே. அது காற்றுக் குடிக்க மேலே வரும் மீன். "ப்ளக்" என்று ஒரு சத்தம் கேட்கும், இலை ஒன்று ஆடும். அந்த இடத்துக்கு மூங்கில் எட்டாது. அங்கே றப்பர்த் தவளையை வீசி, இலைக்கு மேலால் மெல்ல இழுத்துக்கொண்டு வர வேண்டும். தவளையின் இரண்டு முள்ளும் மேல்பக்கமாக முதுகோடு ஒட்டி இருப்பதால் புல்லில் மாட்டாது. விரால் அடித்ததும் உடனே இழுக்கக் கூடாது. தவளையை வாய்க்குள் திருப்பிக்கொள்ள ஒரு மூச்சு நேரம் கொடுத்துவிட்டு இழுக்க வேண்டும். இதைப் பழக எனக்கு ஒரு மாரி முழுக்கத் தேவைப்பட்டது. சத்தம் கேட்டதும் கை தானாகத் துள்ளிவிடும், தவளை மட்டும் பறந்து வந்து நெஞ்சில் அடிக்கும்.

2021 இல் ஒரு பின்னேரம் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தடியைப் பற்றி நான் நினைத்திருந்ததை அது மாற்றியது. தாமரை ஓரத்தில் ஒரு விரால் அடித்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இருக்கும், குறைவாகச் சொல்லவில்லை. தடி நன்றாக வளைந்து கொடுத்தது. றீல் நூலை விட்டு விட்டுப் பிடித்தது. புல்லிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். கரைக்கு இரண்டு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) இருக்கும்போது, பெரிய இழுவை ஒன்றும் இல்லாமலே, நூல் "டிக்" என்று அறுந்தது. தடியைத்தான் திட்டினேன். வீட்டுக்கு வந்து அறுந்த நுனியைப் பார்த்தால், அதற்கு மேலே ஒரு பாகத்துக்கு நூலில் சின்னச் சின்னச் சிராய்ப்பு. நகத்தால் தடவினால் சொரசொரப்பு தெரியும்.

காரணம் தடியின் நுனி வளையம், நூல் ஓடுகிறது அதற்குள்ளால்தான். வளையத்துக்குள் இருக்கிற வெள்ளைப் பீங்கானில் மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒரு துண்டுப் பஞ்சை வளையத்துக்குள்ளால் இழுத்துப் பார்த்தால் வெடிப்பு இருக்கிற இடத்தில் இழை பிடித்துக்கொள்ளும். இப்போது மாதம் ஒரு தடவை எல்லா வளையத்துக்கும் பஞ்சு போடுகிறேன். ஆறு வருடத்தில் நுனி வளையம் மூன்று மாற்றியாயிற்று. தடி அதே தடி.

தங்கூசி விஷயமும் அதே கதை. கடையில் சுற்றித் தந்ததை இரண்டு வருடம் மாற்றாமலே வைத்திருந்தேன். நைலோன் வெயிலில் கிடந்து கிடந்து பலம் போய்விடும். பார்க்க ஒன்றும் தெரியாது. எங்கள் வெயிலில் மோட்டார் சைக்கிளில் கட்டி வைத்த றீல் என்ன பாடுபடும்! இப்போது வருடம் ஒரு தடவை, மாரிக்கு முன்னால், முழுக்க மாற்றுகிறேன். திலாப்பியாவுக்கு 0.25 மில்லிமீற்றர், விராலுக்கு 0.40. ஒவ்வொரு நாளும் தொடங்க முன் கடைசி ஒரு பாகத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முள்ளுக் கட்டுவேன். முடிச்சை இறுக்க முன் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும். காய்ந்த முடிச்சை இழுத்தால் உரசுகிற சூட்டிலேயே நூல் பழுதாகும். பின்னல் நூலும் ஒரு வருடம் போட்டுப் பார்த்தேன். புல்லுக்குள் நல்லது, அறாது. ஆனால் மாட்டிக்கொண்டதைக் கையில் சுற்றி இழுத்தால் விரலை அறுத்துவிடும். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பெட்டியோடு வந்த முள்ளு எல்லாம் குப்பை. பாதி துருப்பிடித்தது, மீதி கொஞ்சம் பெரிய மீன் பட்டால் நிமிர்ந்தது. திலாப்பியாவின் வாய் சின்னது, 8 ஆம் நம்பர் முள்ளு போதும். நம்பர் கூடக் கூட முள்ளு சிறிதாகும். இது தெரியாமல் பெரிய மீனுக்கு என்று 16 வாங்கி வந்து ஐயாவிடம் இன்னொரு தடவை வாங்கிக் கட்டினேன்.

மடக்குத் தடியில் உள்ள உண்மையான தொல்லை மணல். ஒரு தடவை மணலில் வைத்தால் போதும், மூட்டுக்குள் ஏறி இரண்டு துண்டும் இறுகிவிடும். முறுக்கினால் நார் வெடிக்கும். அடி மூடியைக் கழற்றி, உள்துண்டைக் கீழ்ப்பக்கமாக மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். பிடி வழுக்கினால் பழைய சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றிக்கொள்ளலாம். நனைந்த தடியை அப்படியே மடக்கி வைக்காமல் துண்டு துண்டாகக் கழற்றிக் காயவிட்டு, மூட்டில் மெழுகுதிரி தேய்த்து வைத்தால் வருடக்கணக்கில் கரைச்சல் இல்லை.

றீலுக்கு மூன்றாம் வருடம் நூல் விடுகிற கம்பியின் ஸ்பிறிங் போனது. குற்றம் என்னுடையதுதான். வீசியதும் கைபிடியைச் சுற்றி "டக்" என்று மூடுவேன். கையால் மூட வேண்டும். அதில் நூல் முறுக்குவதும் குறையும், ஸ்பிறிங்கும் பிழைக்கும். ரவுனில் மணிக்கூடு திருத்துகிற ஒருவர் இன்னொரு உடைந்த றீலிலிருந்து எடுத்துப் போட்டுத் தந்தார், 300 ரூபாய். அதற்குப் பிறகு உருளைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, வீட்டுக்கு வந்ததும் இறுக்கத்தைத் தளர்த்தி வைப்பது, வேறு ஒன்றும் செய்வதில்லை. ஓடுகிறது.

2022 இல் பெற்றோல் இல்லாமல் எல்லாரும் வரிசையில் நின்ற மாதங்களில்தான் இந்தத் தடி அதிகம் உழைத்தது. சைக்கிளில் ஆறு கிலோமீற்றர் மிதித்துப் போய் விடியக்காலை குளக்கட்டில் குந்தினால், பிடித்தது அன்றைய கறி. அப்போது நான் பொழுதுபோக்கு என்று சொல்வதை விட்டுவிட்டேன். கட்டு முழுக்க ஆட்கள், அதில் முக்கால்வாசிப் பேர் தடி பிடித்துப் பழகாதவர்கள். அதே வருடம் அதே தடியைக் கடையில் விசாரித்தேன், 11,000 என்றார்கள். என் தடிக்கு அன்றைக்கு மரியாதை கூடியது.

இரைக்குப் பாண் போதும். கோதுமை மா உருண்டை என்றால் குழைக்கும்போது ஒரு நுள்ளுப் பஞ்சைப் பிய்த்துப் போட்டால் முள்ளில் நின்று பிடிக்கும். நாக்கிளிப்புழு (மண்புழு) எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் அதை வீட்டு வாழைக்கடியில் மட்டும்தான் தோண்டுகிறேன். குளக்கரைப் பற்றைக்குள் மண்வெட்டி போடுகிற வேலை இந்த மண்ணில் வேண்டாம். மிதிவெடி அகற்றி முடிந்த இடம் என்றாலும், தெரியாத இரும்பு எதையும் நான் தொடுவதில்லை.

முதலை இருக்கிறது. இல்லை என்று யாராவது சொன்னால் அவர் அந்தக் குளத்துக்குப் புதியவர். தண்ணீருக்குள் இறங்கி நிற்பதில்லை, மீனைத் தண்ணீர் ஓரத்தில் குந்தி வெட்டுவதில்லை, இருட்டினால் வீடு. துருசடியிலும் (வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற மதகு) வான்கதவடியிலும் போடுவதில்லை. வான் பாயும் நாட்களில் அங்கே மீன் குவியும் என்பது உண்மை, கால் வழுக்கினால் ஆள் கிடைக்காது என்பதும் உண்மை. அதோடு சுங்கான் மீன். பட்டால் கையால் பிடிக்காதீர்கள், செட்டை முள்ளில் விஷம் இருக்கிறது. எனக்கு ஒரு தடவை குத்தி, விடிய விடிய நித்திரை இல்லை. சுடுதண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

சோளகம் வீசுகிற ஆனி, ஆடியில் றீல் தடி பெரும்பாலும் வீட்டில்தான். பாண் இரை காற்றில் திரும்பி முகத்துக்கே வரும். அந்த நேரத்தில் வயலுக்குத் தண்ணீர் போய்க் குளமும் வற்றி வரும். வற்றிய ஆழமில்லாத இடங்களில் சாப்பாட்டுக் கோப்பை மாதிரி வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும், திலாப்பியா கிண்டியவை. முட்டையைத் தாய் வாயில் வைத்துத்தான் காக்கும். தூக்கும்போது வாயிலிருந்து மஞ்சள் முட்டை கொட்டினால் அந்த மீனை விட்டுவிடுவேன். விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் கூட்டமாக மேலே மிதந்தால் அந்தப் பக்கம் தவளை எறிவதே இல்லை. எறிந்தால் தாய் கட்டாயம் அடிக்கும், அதுதான் பிரச்சினை.

இன்னொன்று, பெரிய குளங்களில் வள்ளத்தில் வலை போடுகிறவர்களுக்கு அது பிழைப்பு. குளத்தில் குஞ்சு விடுவதற்கு ஓடித்திரிவதும் அவர்களுடைய சங்கங்கள்தான். கட்லா, ரோகு எல்லாம் அப்படி விட்டு வளர்ந்தவை. வலை மிதப்புக்கு மேலால் வீசக் கூடாது. எனக்கு ஒரு றப்பர்த் தவளை வலையில் போய் மாட்டியது. அடுத்த நாள் வள்ளக்காரர் கரையில் கொண்டுவந்து தந்துவிட்டு, "அண்ணை, இன்னொருக்கால் எண்டால் தவளைக்குக் காசு" என்றார்.

சாப்பாடு பற்றிக் கேட்பார்கள். குளத்துத் திலாப்பியாவில் சேற்று மணம் இருக்கும். உப்பும் தேசிக்காயும் பூசி அரை மணித்தியாலம் வைத்துக் கழுவிப் பொரித்தால் போய்விடும். விராலுக்கு அதெல்லாம் தேவையில்லை, பழப்புளி விட்ட குழம்பு.

ஐயா இப்போது கட்டுக்கு வருவதில்லை, முழங்கால் விடவில்லை. போன மாதம் வீட்டுக்குப் போனபோது தடியைக் கையில் வாங்கி, ஒவ்வொரு துண்டாக இழுத்து நீட்டிப் பார்த்தார். "இன்னும் உடையேல்லையோ?" என்றார். பிறகு தன் மூங்கிலைக் கூரைக்குள்ளிருந்து எடுத்து என்னிடம் தந்தார்.

அடுத்த கிழமை கொழும்புக்குப் போகிற மச்சானிடம் கொடுக்கத் துண்டு எழுதி வைத்திருக்கிறேன்: 8 ஆம் நம்பர் முள்ளு நூறு, 0.25 தங்கூசி இரண்டு சுருள், 0.40 ஒன்று, நுனி வளையம் மூன்று. தடி ஒன்றும் எழுதவில்லை.