தியாகராய நகரில் நடப்பவருக்கு இரண்டு வசதிகள்: பாண்டி பஜார் நடைபாதை வளாகமும் மாம்பலம் ஆகாய நடைமேம்பாலமும்

சென்னை தியாகராய நகரில் நடப்பவர்களுக்கென்று அமைக்கப்பட்ட இரண்டு பெரிய வசதிகள் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம், தியாகராய சாலையில் வாகனங்கள் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பகுதியை எடுத்து நடப்பவர்களுக்குக் கொடுத்தது. 2023 மே மாதத்தில் திறக்கப்பட்ட ஆகாய நடைமேம்பாலமோ, மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை சுமார் 570 மீட்டர் தூரத்துக்கு மக்களைச் சாலைக்கு மேலே அழைத்துச் செல்கிறது. இரண்டும் பயனுள்ளவை. ஆனாலும் வளர்ந்துகொண்டே போகும் ஒரு கடைத்தெருவுக்குச் சரியான வழிகாட்டி பாண்டி பஜார்தான் என்பது என் உறுதியான கருத்து.

பாண்டி பஜாரின் பெரிய பலம் அதன் அகலம். கைக்குழந்தையோடு வருகிறவர், ஊன்றுகோலுடன் மெதுவாக நடக்கும் முதியவர், கடைக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றுவிடுகிறவர் என எல்லோரும் ஒருவரையொருவர் இடிக்காமல் போக முடிகிறது. நிழல் மரங்களை ஒட்டி இருக்கைகள் இருப்பதால், எதையும் வாங்காமல் சும்மா உட்கார்ந்திருக்கவும் இங்கே ஒருவருக்கு உரிமை இருக்கிறது. சென்னையின் வணிகத் தெருக்களில் இது அரிது. நடைபாதை வியாபாரிகள் 2013லேயே தனி வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்தாலும், சாலையின் அளவையே மாற்றி அமைத்த பிறகுதான் நடப்பவருக்கு முழுமையான இடம் கிடைத்தது. தணிகாசலம் சாலை அருகே பல்லடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டதும் முக்கியமானது, ஏனெனில் காரை நிறுத்த வேறு இடம் காட்டாமல் சாலையோர நிறுத்தத்தைக் குறைக்கச் சொன்னால் வணிகர்கள் எதிர்ப்பது இயல்பு.

குறைகளும் உண்டு. குறுக்குத் தெருக்கள் வந்து சேரும் இடங்களில் திரும்பும் வண்டிகள் வேகத்தைக் குறைப்பதில்லை. அங்கெல்லாம் நடைபாதையின் உயரத்திலேயே கடவையை அமைத்திருந்தால் வண்டிகள் தாமாகவே நிதானித்திருக்கும். சைக்கிளில் வருகிறவர் கார்களோடும் ஆட்டோக்களோடும் ஒரே தடத்தில்தான் போக வேண்டியிருக்கிறது. போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டையாவது நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று 2014இல் கொள்கை வகுத்த மாநகராட்சி, தன் முதன்மைத் தெருவில் சைக்கிளை இப்படி விட்டுவிட்டது வருத்தம் தருகிறது.

ஆகாய நடைமேம்பாலம் ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறுகிறவர்களுக்குப் பெரும் உதவி. தீபாவளி சமயத்தில் ரங்கநாதன் தெருவில் பெட்டியோடு நுழைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். படியேற இயலாதவர்களுக்கு மின்தூக்கியும் இருக்கிறது. ஆனால் இடையில் இருக்கும் ஒரு கடைக்குப் போக விரும்புகிறவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. அதைவிடக் கவலை தருவது, மக்களை மேலே அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதியில் கீழே உள்ள தெருவை வண்டிகளுக்கே விட்டுவிடும் மனப்போக்கு. சாலையைக் கடக்கும் இடம்தோறும் இதுபோன்ற பாலம் கேட்பவர்கள், ஏறி இறங்கும் சிரமத்தை நடப்பவர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்பதை யோசிக்க வேண்டும்.

இப்போதைக்குப் பெரிய குறை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. மேம்பாலத்திலிருந்து பேருந்து நிலையத்தில் இறங்கியவர், பாண்டி பஜார் தொடங்கும் பனகல் பூங்காவை அடைய உஸ்மான் சாலையின் நெரிசலுக்குள் வழிதேடித்தான் நடக்க வேண்டும். கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ தடத்தின் சுரங்க நிலையம் ஒன்று பனகல் பூங்காவில்தான் அமைகிறது. ரயில், பேருந்து, மெட்ரோ மூன்றையும் பாண்டி பஜாரின் அகலத்திலேயே ஒரு நடைபாதை இணைக்க வேண்டும். அதற்கான இடத்தை உஸ்மான் சாலையில் நிறுத்தப்படும் வண்டிகளிடமிருந்துதான் எடுக்க முடியும்.