காசிமேட்டில் ஒரு தீர்க்கதரிசன வகுப்பு: தீரு பாடம் அருமை, மீகா பாதியில் நிற்கிறது

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, சென்னை காசிமேடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சபையின் மாடியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் நடக்கும் வேதபாட வகுப்பு இது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளை எட்டு வாரமாக வகுத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. பெருமை, தாழ்மை, நியாயத்தீர்ப்பு என்ற மூன்றையும் தீர்க்கதரிசிகள் எப்படிக் கோர்க்கிறார்கள் என்பதுதான் பாடம். இன்றைய எந்த நாடு தீர்க்கதரிசனத்தில் வரும் எந்த மிருகம், எந்தத் தலைவர் எந்தக் கொம்பு என்று கேட்கப் போகிறவர்களுக்கு இங்கே வேலையில்லை. அதுவே பெரிய நிம்மதி.

முதல் வாரமே ஒரு வாசிப்பு முறையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பெருமைக்காரன் தன் வாயால் சொல்வதை நீலப் பென்சிலால் கோடிட வேண்டும். அதற்குப் பின் வரும் "ஆகையால்", "ஆதலால்" ஆகியவற்றைச் சுற்றி வட்டம். தீர்ப்பைச் சிவப்பால். பிறகு நீலத்தையும் சிவப்பையும் எதிரெதிரே வைத்துப் படித்தால், அவன் எதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டானோ அதே இடத்தில் அடி விழுந்திருப்பது தெரியும். பழக்கத்துக்கு ஒபதியா புத்தகம்; மொத்தமே 21 வசனம். கன்மலை வெடிப்பில் குடியிருக்கும் ஏதோம் நாட்டான், தன்னை யார் கீழே தள்ள முடியும் என்கிறான். அடுத்த வசனத்திலேயே, நட்சத்திரங்களுக்குள்ளே கூடு கட்டினாலும் அங்கிருந்தும் தள்ளுவேன் என்று கர்த்தரின் பதில். தானியேல் 4-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாருக்கு அந்த இடைவெளிகூட இல்லை. நான் கட்டின மகா பாபிலோன் என்ற பேச்சு வாயில் இருக்கும்போதே சத்தம் வருகிறது. அவனை எச்சரித்த சொப்பனத்துக்கும் அந்தப் பேச்சுக்கும் நடுவே 12 மாதம் அவகாசம் இருந்ததையும் குறிக்கச் சொல்கிறார்கள். பலர் தாண்டிப்போகும் வசனம் அது.

பழங்காலத் துறைமுகப் பட்டணமான தீருவுக்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருப்பது சரியான முடிவு. எசேக்கியேல் 27 அந்தப் பட்டணத்தையே ஒரு கப்பலாகக் கட்டிக் காட்டுகிற புலம்பல். பலகைக்குச் சேனீரின் தேவதாரு, பாய்மரத்துக்கு லீபனோன் கேதுரு, துடுப்புக்குப் பாசானின் கர்வாலி, பாய்க்கு எகிப்தின் சித்திரத்தையல் துணி. சாதாரண வகுப்பில் இந்தப் பட்டியலை வேகமாக ஓட்டிவிடுவார்கள். இங்கே படகு கட்டத் தெரிந்த அண்ணன்மார் உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு பாகத்துக்கும் கேள்வி வருகிறது. பாஸ்டரும் பொறுமையாக நிற்கிறார். சரக்குப் பட்டியல் எவ்வளவு நீளம், கப்பல் உடைவது எவ்வளவு சுருக்கம் என்று எண்ணிக் காட்டிய இடம் வகுப்பின் உச்சம். 26-ஆம் வசனம் ஒன்றே போதுமாயிருக்கிறது: கொண்டற்காற்று அடித்து நடுச்சமுத்திரத்தில் உடைகிறது.

அந்தக் காற்றைப் பற்றி ஒரு குறை. கொண்டல் என்றால் கீழ்க்காற்று; நமக்குக் கடலிலிருந்து கரைக்கு வரும். தீருவுக்குக் கடல் மேற்கே. அங்கே கீழ்க்காற்று நிலத்திலிருந்து கிளம்பி, கப்பலைக் கரையைவிட்டு ஆழத்துக்குத் தள்ளும். பாடத்தாளில் ஒரு சின்ன வரைபடம் இருந்தால் இது ஒரு நிமிடத்தில் விளங்கும். இல்லாததால் கேட்டவர்கள் நம்ம கடலை மனதில் வைத்துத் திசையைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பிழை, தீருவின் அழிவைச் சொல்லும் எசேக்கியேல் 26-ஆம் அதிகாரத்துக்குப் பாடத்தாளில் உள்ள குறிப்பு. அதில் சொன்ன எல்லாவற்றையும் நேபுகாத்நேச்சாரே செய்து முடித்தான் என்று எழுதியிருக்கிறது. அவன் முற்றுகை 13 வருஷம் நீடித்தது என்பது பழைய யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் தரும் கணக்கு. ஆனால் எசேக்கியேல் 29:18-ஐப் புரட்டினால், தலைகள் மொட்டையாகி, தோள்கள் உரிந்தும் தீருவினால் அவன் சேனைக்குக் கூலி கிடைக்கவில்லை என்று தீர்க்கதரிசியே எழுதிவைத்திருக்கிறார். கல்லையும் மரத்தையும் மண்ணையும் கடலில் போடுவது பற்றிய 26:12-ஐ, கி.மு. 332-இல் அலெக்சாந்தர் பழைய நகரத்தின் இடிபாட்டைக் கொட்டித் தீவுக்குப் பாதை போட்டதோடு பலரும் சேர்த்துப் படிக்கிறார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். எசேக்கியேல் மறைக்காததைப் பாடத்தாள் ஏன் மறைக்கிறது?

ஏசாயா 14-உம் அவசரம். விடிவெள்ளி என்றதும் நேராகச் சாத்தானுக்குப் போய்விட்டார்கள். பழைய திருச்சபைப் பிதாக்கள் முதல் அந்த வாசிப்பு உண்டு, தப்பில்லை. ஆனால் 4-ஆம் வசனம் இது பாபிலோன் ராஜாவைப் பற்றிய வசைப்பாட்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதை விட்டால் "ஏறுவேன், உயர்த்துவேன்" எல்லாம் வானத்துச் சமாசாரமாகிவிடும். பூமியில் சிங்காசனம் போட்டு உட்கார்ந்திருப்பவன் தப்பித்துவிடுவான்.

ஆமோஸ் 1, 2 வாரம் நன்றாகப் போகிறது. தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக அடிவாங்கும்போது ஆமென் சத்தம் ஏறுகிறது. யூதா, இஸ்ரவேல் வந்ததும் அறை அமைதியாகிறது. பாஸ்டர் இதற்கு விளக்கம் எதுவும் சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போனது கெட்டிக்காரத்தனம்.

தாழ்மைக்குக் கடைசி வாரம் மட்டும்தான். யோனாவும், தாழ்மையாய் நடக்கச் சொல்லும் மீகா 6:8-உம் ஒரே மணி நேரத்தில். இதுதான் வகுப்பின் உண்மையான ஓட்டை. மீகா 3:12 சீயோன் வயலைப்போல உழப்படும் என்கிறது. யூதாவின் ராஜா எசேக்கியா கர்த்தருக்குப் பயந்ததால் அது அப்போது நடக்காமல் நிற்கிறது. சுமார் நூறு வருஷம் கழித்து, எரேமியாவைக் கொல்லக் கூட்டம் நிற்கும்போது மூப்பர்கள் அந்த வசனத்தையே எடுத்துப் பேசுகிறார்கள் (எரேமியா 26:17-19). தாழ்மை தீர்ப்பைத் தள்ளிப்போடும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் வேறில்லை. எரேமியா 18:7, 8 அதன் சட்டம். இஸ்ரவேலின் ராஜா ஆகாப் தன்னைத் தாழ்த்தியதும் தீர்ப்பு மகன் காலத்துக்குத் தள்ளிப்போவது 1 இராஜாக்கள் 21:29. இந்த மூன்றும் பாடத்தாளில் இல்லை.

போகிறவர்கள் ஒத்துவாக்கியம் (ஒன்றோடொன்று தொடர்புள்ள வசனங்களின் குறிப்பு) உள்ள பழைய திருப்புதல் வேதாகமத்தையே எடுத்துப்போவது நல்லது. செல்போன் ஆப்பில் வசனம் வசனமாகத் துண்டாகத் தெரியும். நீலம், சிவப்பு எதிரெதிரே விழாது. மெல்லிய தாளில் ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும், பென்சில்தான் சரி. எட்டாம் வாரத்துக்கு முன் எரேமியா 26-ஐ வீட்டில் படித்துவிட்டுப் போய்க் கேள்வியாகக் கேளுங்கள். பாஸ்டர் கேள்வியை மறுக்கிறவர் அல்ல.