ஜே என்றால் ஜப்பானா?

லென்ஸ் மாற்றி நேற்றுதான் என் பிஎஸ்2, அதாவது சோனி பிளேஸ்டேஷன் 2 கேம் மெஷின், வீட்டுக்கு வந்தது. 2005இல் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய ஸ்லிம், மாடல் எண் எஸ்சிபிஎச்-70006. இத்தனை வருஷ உழைப்புக்கு இது முதல் ரிப்பேர். மெஷினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். என் கோபமெல்லாம் கேம் உறைகளின் பின்னால் சின்னக் கட்டத்துக்குள் இருக்கிறதே, அந்த ‘என்டிஎஸ்சி ஜே’ மீதுதான். எந்தப் பகுதி மெஷினுக்கான டிஸ்க் என்று சொல்லும் முத்திரை அது; பகுதி மாறினால் கேம் ஓடாது.

பழைய பிஎஸ்2 தேடிக்கொண்டிருக்கும் தஞ்சாவூர்த் தம்பி ஒருவன் போனில் கேட்டான்: “அண்ணே, ஜேன்னா ஜப்பான்தானே? அப்ப உங்க மெஷின்ல எல்லாம் ஜப்பான் பாஷையிலதான் வருமா?”

இல்லைடா தம்பி. பால், என்டிஎஸ்சி இரண்டும் கலர் டிவி சிக்னல்களின் பெயர். (“பால் இருக்கா?” என்று நான் யாரிடமோ போனில் கேட்க, ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று மனைவி உள்ளேயிருந்து சொன்ன கதை தனி.) அப்போது சிங்கப்பூர் டிவி ஒளிபரப்பு பால்தான். ஆனால் கேம் வியாபாரத்தில் ஹாங்காங், சிங்கப்பூர் எல்லாவற்றையும் ஜப்பானோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி, ஜே என்று முத்திரை குத்திவிட்டார்கள். சரி, ஜப்பானோடு சேர்த்தாயிற்று என்று ஜப்பானில் வாங்கிய சினிமா டிவிடியைப் போட்டால் ஓடாது! சினிமா டிவிடிக்கு மண்டல எண் என்று வேறு கணக்கு: ஜப்பான் 2, சிங்கப்பூர் 3. ஐரோப்பாவுக்கும் 2தான், ஆனால் கேமில் ஜப்பானும் ஐரோப்பாவும் ஒட்டாது.

நான் பட்ட அடியையும் சொல்கிறேன். ஃபைனல் ஃபேன்டஸி எக்ஸ் விளையாட்டின் ‘இன்டர்நேஷனல்’ பதிப்பு வேண்டுமென்று ரொம்ப நாள் தேடினேன். டார்க் ஈயான் என்ற கூடுதல் எதிரிகள் அதில் உண்டு, முதலில் வந்த அமெரிக்கப் பதிப்பில் கிடையாது. பெயர்தான் இன்டர்நேஷனல், வந்தது ஜப்பானில். ஆன்லைனில் ஒருவர் ‘இன்டர்நேஷனல், என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தார். ஜே இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டு பணம் அனுப்பினேன். டிஸ்க்கைப் போட்டேன். சுற்றியது, டக்கென்று ஒரு சத்தம், திரை முழுக்கச் சிவப்புப் புகை. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் எஸ்எல்யூஎஸ். அமெரிக்க டிஸ்க். அமெரிக்காவும் என்டிஎஸ்சிதான், ஆனால் ஜே இல்லை. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் இன்டர்நேஷனல் என்று போட்டாராம்! அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, டிஸ்க்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதது என் தப்பு.

அதற்கப்புறம் முத்திரையை நான் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கில் இருக்கும் நான்கு எழுத்துதான் ஜாதகம். எஸ்எல்யூஎஸ், எஸ்சியூஎஸ் அமெரிக்கா; எஸ்எல்இஎஸ், எஸ்சிஇஎஸ் ஐரோப்பா; எஸ்எல்பிஎம், எஸ்எல்பிஎஸ் ஜப்பான்; எஸ்சிஏஜே ஆசியா. மெஷினுக்கு மாடல் எண்ணின் கடைசி இலக்கம்: 0 ஜப்பான், 1 அமெரிக்கா, 4 ஐரோப்பா, 6 என்னுடையது போல ஹாங்காங், சிங்கப்பூர். இதையெல்லாம் பார்த்தாலும் கேம் எந்த மொழியில் வரும் என்று தெரியாது. ஆசிய டிஸ்க்குகளில் ஆங்கிலமும் உண்டு, ஜப்பானியமும் உண்டு.

ஐரோப்பிய டிஸ்க் வாங்குபவனுக்கும் நிம்மதி இல்லை. அங்கே வந்த அதே ஃபைனல் ஃபேன்டஸியில் டார்க் ஈயான்கள் உண்டு, ஆனால் 50 ஹெர்ட்ஸ், அதாவது பால் டிவிக்கு ஏற்ற வேகம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை, படம் நசுங்கிக் கிடக்கும். அந்த விஷயத்தில் என் 60 ஹெர்ட்ஸ் மெஷின் ராஜா. லீவில் ஊருக்கு எடுத்துப்போனபோது மட்டும் மானம் போனது: வீட்டுப் பழைய டிவிக்கு என்டிஎஸ்சி கலர் புரியாமல், படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. நிறங்களைத் தனித்தனி வயரில் அனுப்பும் காம்பொனென்ட் கேபிள் போட்டால் இந்தக் கலர்ச் சண்டையே கிடையாது, ஆனால் அந்த டிவியில் அதற்கு ஓட்டை ஏது?

தம்பியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: 6இல் முடிகிற மெஷினை வாங்காதே, டிஸ்க் தேடியே ஆயுசு போய்விடும், 4 கிடைத்தால் பார்.

“அப்ப உங்களதைக் குடுத்துர்றீங்களாண்ணே, நான் சமாளிச்சுக்கறேன்” என்றான்.

லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.