சாமி மேடைக் கதவில் மயில்: பித்தளை வளையமா, கத்திக்கோடா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகள் வாழும் எங்கள் பகுதியில், சாமி மேடைக் கதவில் மயிலோ தாமரையோ பதித்துத் தரும்படி கேட்பவர்கள் இன்றும் உண்டு. செம்பழுப்பு மெர்பாவ் மரப் பலகையில், பால் வற்றி வெட்டப்பட்ட ரப்பர் மரத்தின் வெளிர்மஞ்சள் துண்டைப் பதித்தால், வண்ணம் பூசாமலே உருவம் எடுப்பாகத் தெரியும். மரத்தைக் குடையும் மின்கருவியான ரௌட்டரைக் கொண்டு அதைச் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, பித்தளைத் தொகுப்பு. இதில் 1/8 அங்குல பிட் (வெட்டும் அலகு), 5/16 அங்குல வெளிவிட்டமுள்ள புஷ் (பிட்டைச் சூழ்ந்து ரௌட்டரின் அடியில் நிற்கும் குழல்), அதன்மேல் மாட்டும் 9/16 அங்குல வளையம் ஆகியவை இருக்கும். உருவத்தை வெட்டியெடுத்த அச்சுப்பலகையின் உள்விளிம்பை வளையத்தோடு சுற்றினால் கதவில் குழி விழும். வளையத்தைக் கழற்றிவிட்டு, ரப்பர் பலகைமேல் அதே விளிம்பைச் சுற்றினால் அக்குழிக்குரிய துண்டு கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் வளையம் கூட்டும் தடிமன் பிட்டின் விட்டத்துக்குச் சமமாக இருப்பதே இதன் சூட்சுமம். அச்சுப்பலகையைப் புரட்டிப் போட்டால் எதிர்க்கதவின் மயிலும் பிசகாமல் அமையும் என்பதால், ஜோடிக் கதவுக்கு இதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால், பித்தளை வளையத்துக்குக் கூர்மை பிடிக்காது. அச்சில் உள்நோக்கி நீட்டிய முனை எவ்வளவு கூராக இருந்தாலும், தோகையில் இரண்டு இறகுகளுக்கு நடுவே விழவேண்டிய வெட்டு ஏறத்தாழ 5.5 மி.மீ. ஆரமுள்ள வளைவாகவே வரும். இறகின் நுனியிலோ துண்டு கூராகவும் குழி உருண்டும் இருக்கும். அங்கே உளி பிடித்தே ஆகவேண்டும். மயிலின் கொண்டையை இவ்வழியில் செய்ய நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழியில் துண்டே முதலில் பிறக்கிறது. மெல்லிய கம்பி வாளால் இறகை அறுத்து, பலகைமேல் அசையாமல் ஒட்டிவைத்து, கூரிய கத்தியால் சுற்றிலும் கோடு கீறி, துண்டை எடுத்துவிட்டு, ரௌட்டரைக் கைப்பிடியில் நகர்த்தி அந்தக் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளேவரை மட்டும் குடைந்து, மிச்சத்தை உளியால் கோட்டோடு சீவுவது இதன் முறை. கத்திக்கோட்டுக்குள் உளியின் முனை தானாக அமரும் அந்தத் தருணத்தை விரல் உணரும். துண்டை அழுத்தினால் மயிரிழை இடைவெளியும் தெரியாது. ஓர் இறகுக்கு உரியது இன்னோர் இறகுக்குப் பொருந்தாததால், ஒவ்வொன்றின் பின்புறமும் எண் எழுதிவைப்பது கட்டாயம். நேரம் அதிகம் பிடிக்கும், மறுகதவில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவும் வேண்டும்.

கணினி இயக்கும் எந்திரத்தில் வி வடிவ பிட்டைக் கொண்டு இரண்டு குறைகளையும் தாண்டலாம். ஆனால் ஒரு ஜோடிக் கதவுக்காக அவ்வளவு முதலீடு செய்வது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

ஆகவே தாமரை இதழ், பூவரிசை, ஓரக் கரை போன்று திரும்பத் திரும்ப வரும் உருவங்களுக்குப் பித்தளை வளையத்தையும், மயிலின் தலைக்கும் கொண்டைக்கும் கத்திக்கோட்டையும் வைத்துக்கொள்கிறேன். எவ்வழியாயினும் துண்டு அரை மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி குழியின் ஆழத்தை வையுங்கள். பசை காய்ந்தபின் அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மெர்பாவின் செந்தூள் ரப்பர் மரத்தின் நுண்துளைகளில் இறங்கிவிடும். என் முதல் கதவின் மயில் அப்படித்தான் இளஞ்சிவப்பாகிப் போனது. இப்போது எஃகுச் சுரண்டு தகட்டால் மட்டுமே மட்டமாக்குகிறேன்.