கிளட்ச் மாற்றியதாக பில் போட்டார்கள், போல்ட்டைத் தொடக்கூட இல்லை

மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார் புதிதாக வாங்கி, அதை நம் விருப்பத்துக்குக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒர்க்‌ஷாப் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டியைக் கொடுங்கள். என்னிடம் நான்கு வேலைக்குப் பணம் வாங்கினார்கள். இரண்டைச் செய்யவே இல்லை. செய்த இரண்டும் காரைக் கெடுத்துவிட்டன. எல்லாம் வெளியே வந்த பிறகு அந்த ஒர்க்‌ஷாப் முதலாளி சொன்ன பதில் இது: "ப்ரோ, கார்ல ஒண்ணும் இல்லை. கிளட்ச் ஓட்டுறது உங்களுக்கு இன்னும் கால்ல செட் ஆகலை."

பல வருடமாக மேனுவல் மட்டுமே ஓட்டுகிறவன் நான். ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? ஆட்டோமேட்டிக் காரில் கியர் சரியாக விழவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். மேனுவலில் எந்தக் கோளாறையும் ஓட்டுகிறவரின் இடது கால் மேல் தூக்கிப் போட்டுவிடலாம். கிளட்ச் வழுக்குகிறதா? பாதி மிதித்தே ஓட்டியிருப்பீர்கள். கியர் கரகரவென்கிறதா? முழுசாக மிதித்திருக்க மாட்டீர்கள். வேலையே செய்யாமல் விட்டதைக்கூட "உங்களுக்குத் தெரியவில்லை" என்று முடித்துவிடலாம். அதனால் காலுக்கும் காதுக்கும் தெரிவதை மட்டும் வைத்து வாதாடிப் பயனில்லை. கண்ணால் பார்த்து, அளந்து காட்டக்கூடியவை எவை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார் டொயோட்டா ஜிஆர்86. 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 6 கியர் மேனுவல், பின்சக்கர டிரைவ். முதல் 1,600 கிலோமீட்டரை அடக்கி ஓட்டி முடித்த பிறகுதான் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கேட்டது இவ்வளவுதான்: எடை குறைந்த ஃப்ளைவீலும் (எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான தட்டு, கிளட்ச் இதைத்தான் பிடிக்கும்) அதற்கேற்ற கிளட்ச்சும், இசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) டியூனிங், புது அலாய் வீல், கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் (எஞ்சின் சக்தியைப் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பாகம்) ஆயில்.

கிளட்ச்சில் இருந்து ஆரம்பிக்கிறேன், பெரிய தொகை அதற்குத்தான். ஃப்ளைவீல் எடை குறைந்தால் ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சின் சுழற்சி சட்டென்று இறங்கும். கியர் குறைக்கும்போது லேசாகத் தட்டினாலே ஏறும். நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் கொஞ்சம் கூடும், சிக்னலில் கிளப்பும்போது முன்பைவிடக் கவனம் வேண்டும். என் காரில் இதில் ஒன்றுமே இல்லை. பெடலின் கனம்கூட மாறவில்லை. கேட்டால், "கொஞ்ச நாள் ஓடினா தெரியும் ப்ரோ" என்றார். கழற்றிய பழைய கிளட்ச்சைக் கேட்டேன். பழைய இரும்போடு போய்விட்டதாம்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றினோம். அவர் டார்ச்சை அடித்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருந்த போல்ட்டுகளைக் காட்டினார். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மெல்லிய பெயின்ட் கோடு. தலையில் தொடங்கி, வழுவாமல் பக்கத்து உலோகத்தின் மேல் இறங்கியிருந்தது. தொழிற்சாலையில் போல்ட்டை முறுக்கி முடித்ததும் அடையாளத்துக்கு இழுத்துவிடும் கோடு அது. ஒரு தடவை ஸ்பேனர் வைத்துத் திருப்பினாலும் கோடு உடைந்து இரண்டு துண்டும் விலகி நிற்கும். "சார், கியர்பாக்ஸை இறக்காம கிளட்ச்சைத் தொடவே முடியாது. இந்த கியர்பாக்ஸ் தொழிற்சாலையை விட்டு வந்ததுல இருந்து இறங்கவே இல்லை" என்றார். ஒரு கோடுகூட உடையாமல் இருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்து, அவருடைய ஒர்க்‌ஷாப் தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

இதில் இன்னொரு கொடுமை. அந்த பில்லில் வண்டி எண்ணோடு "கிளட்ச், ஃப்ளைவீல் மாற்றப்பட்டது" என்று அச்சாகியிருக்கிறது. நாளைக்கு தொழிற்சாலை கிளட்ச்சில் உண்மையாகவே ஒரு கோளாறு வந்து ஷோரூமுக்குப் போனால், அந்த பில்லைப் பார்த்துவிட்டு வெளியார் பாகம் போட்டிருக்கிறீர்கள் என்று கையை விரித்துவிடுவார்கள். போடாத கிளட்ச்சுக்காக, போட்டிருக்கிற கிளட்ச்சின் வாரண்டி போகும். அந்தப் படங்களும் தாளும் இப்போது அதற்கும் சேர்த்துத்தான் பத்திரமாக இருக்கின்றன.

டியூனிங் விஷயம் சுருக்கமானது. டைனோவில் (காரை ஓடவிட்டு அதன் சக்தியை அளக்கும் கருவி) ஏற்றி எடுத்ததாக ஒரு வரைபடம் கொடுத்தார்கள். குதிரைத்திறன் ஒரு கோடு, டார்க் (முறுக்கு விசை) பவுண்டு-அடியில் இன்னொரு கோடு, இரண்டும் ஒரே அளவுகோலில். இப்படி வரைந்தால் இரண்டு கோடுகளும் 5,252 ஆர்பிஎம்மில்தான் வெட்டிக்கொள்ளும். எந்த எஞ்சினாக இருந்தாலும் சரி, ஏனென்றால் குதிரைத்திறன் என்பதே டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252ஆல் வகுப்பது. எனக்குக் கொடுத்த தாளில் 4,500க்கும் கீழேயே வெட்டிக்கொண்டன. எந்த டைனோவும் அப்படி ஒரு தாளைத் தராது, யாரோ உட்கார்ந்து வரைந்தது அது. அப்புறம் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டி, இசியுவில் உள்ள கேலிப்ரேஷன் (டியூனிங்கில் மாற்றுகிற அமைப்புத் தரவு) அடையாளத்தையும் அதன் சரிபார்ப்பு எண்ணையும் படித்தோம். உள்ளே இருக்கும் கேலிப்ரேஷன் மாறினால் அந்தச் சரிபார்ப்பு எண் மாற வேண்டும். டியூனிங்கே செய்யாத இன்னொரு ஜிஆர்86இல் இருந்த அதே எண் என் காரிலும் இருந்தது.

சரி, செய்யாமல் விட்டதில் பணம்தான் போயிற்று. செய்த வேலை உயிருக்கே உலை வைத்திருக்கும்.

வீல் நட்டைச் சொல்கிறேன். ஜிஆர்86இன் முகப்பில் டொயோட்டா முத்திரை இருந்தாலும் அது சுபாரு பிஆர்இசட்டோடு உடன்பிறந்த கார், சுபாருவின் தொழிற்சாலையில் தயாராவது. அதனால் வீல் சம்பந்தப்பட்ட அளவெல்லாம் சுபாரு அளவு: போல்ட் வட்டம் 5×100 (100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட்), நடுத்துளை 56.1 மில்லிமீட்டர், ஸ்டட்டின் (வீல் நட் ஏறும் திருகுக் கம்பி) மரை எம்12×1.25. டொயோட்டாவின் வழக்கமான கார்களில் வருவது எம்12×1.5. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான், மரையின் இடைவெளி மட்டும் வேறு. என் காருக்கு 1.5 நட்டை மாட்டியிருக்கிறார்கள். அது இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அங்கேயே நிறுத்தி என்னவென்று பார்க்க வேண்டியவர்கள், இம்பாக்ட் கன்னை (நட்டை வேகமாக அடித்து முறுக்கும் மெஷின்) வைத்து அடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

வேகம் எடுக்கும்போது ஸ்டியரிங் நடுங்கியதால்தான் டயர் கடைக்குப் போனேன். முதல் நட்டைக் கழற்றும்போதே ஒரு கிறீச்சிடல். கையில் வாங்கிப் பார்த்தால் மரை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் இரும்புத் தூள், அதோடு சுருள் சுருளாகச் சீவல். ஸ்டட்டில் மரை பாதிக்கு மேல் மழுங்கிப் போயிருந்தது. பின்பக்கத்தில் ஒரு ஸ்டட் நட்டோடு சேர்ந்து முறிந்து கையோடு வந்துவிட்டது. இந்த நிலையில் அந்தக் காரில் என் தங்கச்சியை உட்கார வைத்து ஊர் போய் வந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை.

சரியான நட்டாக இருந்தால் எந்தக் கருவியும் இல்லாமல் விரலாலேயே வீலில் போய் உட்காரும் வரை சுழலும். அதற்கப்புறம்தான் டார்க் ரெஞ்ச், இந்தக் காருக்கு 120 நியூட்டன் மீட்டர். புது வீல் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதல் சுற்றே கன்னால் போட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அந்த வீல்களும் போலி. வோக் ரேசிங் டிஇ37 என்று சொல்லி விற்றார்கள். 1996இல் இருந்து வருகிற, ஆறு ஸ்போக் வைத்த ஃபோர்ஜ்டு (வார்க்காமல் உலோகத்தை அழுத்தி உருவாக்கிய) வீல் அது. எடை குறைவு என்பதற்காகவே வாங்குவது. தராசில் வைத்தபோது காரோடு வந்த பழைய வீலைவிட இது கனமாக இருந்தது. வார்ப்பில் ஊற்றிய நகல் என்றார் டயர் கடைக்காரர். ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர முத்திரையைக்கூட அச்சடித்திருக்கிறார்கள், அதனால் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். நடுத்துளை 73.1 மில்லிமீட்டர், வீல் போய் உட்காரும் ஹப்போ 56.1. இடைவெளியை நிரப்பும் வளையம் போடவில்லை. ஸ்டியரிங் நடுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஆயில். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது இரண்டாவது கியர் கரகரவென்று உரச ஆரம்பித்தது. "கால்" என்ற பதில் முதலில் வந்தது இதற்குத்தான். பில்லைப் பார்த்தால் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே ஆயில், மேலே எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலாமல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) அடிட்டிவ் என்று தனியாக ஒரு தொகை. இரண்டும் தப்பு. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ வளையம் உராய்வால்தான் வேலை செய்கிறது. கியரின் கூம்பைப் பிடித்து, வேகத்தைச் சமமாக்கி, அப்புறம் பல்லை உள்ளே விடும். டிஃபரன்ஷியலுக்கான வழுக்கல் ஆயிலை அங்கே ஊற்றினால் வளையத்துக்குப் பிடிமானம் போய்விடும், பல்லோடு பல் உரசும். அடிட்டிவ் என்பது கிளட்ச் தட்டுகள் உள்ள எல்எஸ்டிக்கு. மேனுவல் ஜிஆர்86இல் இருப்பது டோர்சன் வகை எல்எஸ்டி. அதற்குள் வெறும் பல்சக்கரங்கள்தான், தட்டே கிடையாது. அடிட்டிவுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆயிலை வடித்துவிட்டு, காரோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும் தரத்தில் மாற்றினோம். உரசல் நன்றாகக் குறைந்தது. ஆனால் முழுதாகப் போகவில்லை, குளிர் நாளில் இன்னும் லேசாகக் கேட்கிறது. ஷோரூமில் கேட்டதற்கு, தவறான ஆயில் ஊற்றி ஓடிய கியர்பாக்ஸுக்கு வாரண்டி தர முடியாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை.

இப்போது வண்டியை எங்காவது வேலைக்கு விட்டிருக்கிறவர்களுக்கு: எடுக்கப் போவதற்கு முன்பே போன் செய்து, கழற்றிய பாகங்கள் எல்லாம் டிக்கியில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், முடிந்தால் எழுத்தில். இன்னும் விடாதவர்கள், விடுவதற்கு முந்தின நாள் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்க போல்ட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள், இசியுவின் சரிபார்ப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் ஊற்றும்போது டப்பாவில் இருக்கும் தரத்தைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பில்லில் "ஆயில் மாற்றம்" என்று மொத்தமாக எழுத விடாதீர்கள்.

என் விஷயம் எங்கே நிற்கிறது என்றால், பெயின்ட் கோட்டுப் படங்களையும் ஸ்கேனர் அறிக்கையையும் வைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்ததும் கிளட்ச்சுக்கும் டியூனிங்குக்கும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கால் பேச்சு அன்றோடு நின்றது. ஸ்டட்டுகளை என் செலவில் மாற்றியிருக்கிறேன், அந்தத் தொகைக்கு வாக்குவாதம் நடக்கிறது. வீலுக்கு மட்டும், நான்கையும் திருப்பிக் கொடுத்தால் முழுப்பணமும் தருவதாகச் சொல்கிறார். மறுத்துவிட்டேன். கொடுத்தால் துடைத்துப் பெட்டியில் வைத்து அடுத்த வண்டிக்கு மாட்டுவார். புகார் முடியும் வரை சாட்சிக்கு என்னிடம் இருக்கும், முடிந்ததும் நான்கையும் அறுத்துத்தான் பழைய இரும்புக்காரரிடம் போடப் போகிறேன்.