மாண்டி கார்லோவா (தற்செயல் மாதிரிகளை ஓட்டி முறிவுகளை எண்ணும் முறை), ஃபார்மா (FORM: முறிவு எல்லையைத் தட்டையாக எடுத்துக் கணக்கிடும் முதல்படி நம்பகத்தன்மை முறை)? விமானக் கட்டமைப்பின் முறிவு நிகழ்தகவுக்கு எது?

எந்த நிரலையும் நம்புமுன் விடை தெரிந்த கணக்கில் ஓட்டிப் பாருங்கள். உதாரணமாக, வலிமையின் சராசரி 500 மெகாபாஸ்கல், திட்ட விலக்கம் 32. தகைவின் (சுமையால் பாகத்துக்குள் எழும் அழுத்தம்) சராசரி 350, விலக்கம் 24. தகைவு வலிமையைத் தாண்டினால் முறிவு. இரண்டும் ஒன்றையொன்று சாராத இயல்நிலைப் பரவல்கள். வலிமைக்கும் தகைவுக்கும் சராசரி வித்தியாசம் 150, அதன் விலக்கம் 40. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் நம்பகக் குறியீடு 3.75, முறிவு நிகழ்தகவு சுமார் 0.000088.

செலவு
மாண்டி கார்லோ: 10 லட்சம் மாதிரிகளில் சுமார் 88 முறிவுகள், 9 கூடலாம், குறையலாம். இந்தச் சிதறலைப் பாதியாக்க நான்கு மடங்கு ஓட்டம் வேண்டும்.
ஃபார்ம்: இந்தக் கணக்கில் ஒரே படி. நிஜ மாடலிலும் பெரும்பாலும் சில பத்து ஓட்டங்கள் போதும்.

துல்லியம்
மாண்டி கார்லோ: முறிவு எல்லை (முறியும் நிலைகளையும் முறியாதவற்றையும் பிரிப்பது) எப்படி வளைந்தாலும் கவலையில்லை.
ஃபார்ம்: எல்லையை, மையத்துக்கு (எல்லா மாறிகளும் சராசரியில் இருக்கும் நிலைக்கு) மிக அருகிலுள்ள புள்ளியில் தட்டையாக எடுத்துக்கொள்ளும். தகட்டின் நெளிவும் விரிசலும் போட்டியிட்டால் ஒன்றைப் பிடித்து மற்றதை விட்டுவிடும். நிகழ்தகவு குறைவாகத் தெரியும். பாதுகாப்பில் இதுதான் மிக மோசமான பிழை. வெவ்வேறு தொடக்கப் புள்ளிகளிலிருந்து ஓட்டிச் சரிபாருங்கள்.

வடிவமைப்பை அடிக்கடி மாற்றும் கட்டத்துக்கு ஃபார்ம். இறுதிச் சரிபார்ப்புக்கு மாண்டி கார்லோ. ஓர் ஓட்டத்துக்கே மணிக்கணக்கானால், ஃபார்ம் தந்த புள்ளியைச் சுற்றி மாதிரிகளைக் குவியுங்கள்.

உள்ளிடும் பரவலின் வால்பகுதி (அரிதான ஓர மதிப்புகள்) தவறானால் இரண்டும் ஒரே தவறான விடையைத் தரும். முழுப் பாகச் சோதனையும் அங்கே கைகொடுக்காது: 0.0001-ஐ 95 சதவீத உறுதியோடு காட்ட, ஒரு முறிவும் இல்லாத சுமார் 30,000 சோதனைகள் வேண்டும்.