ஊசுட்டேரித் தும்பிகளுக்கு போன் கிளிப்பா, டெலி லென்ஸா?

புதுச்சேரி ஊசுட்டேரிக் கரையில் தும்பி படம் எடுக்க, போனில் மாட்டும் மேக்ரோ கிளிப் (சின்னதைப் பெரிதாகக் காட்டும் குட்டி லென்ஸ்) விலை குறைவு, சுமையும் இல்லை. ஆனால் பூச்சிக்குச் சில சென்டிமீட்டர் அருகில் போயாக வேண்டும். அதிகாலையில் பனி ஈரத்தோடு புல்லில் அசையாமல் இருக்கும் ஊசித்தும்பிக்கு (ஊசி போல் ஒல்லியான உடல் கொண்ட தும்பி வகை) அது போதும். வெயில் ஏறிவிட்டால் நம் நிழல் பட்டதுமே பறந்துவிடும். தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் 300 மி.மீ. கேமரா டெலி லென்ஸ் என்றால் கரையில் நின்றபடியே நாணல் நுனித் தும்பியை எடுத்துவிடலாம், விலைதான் அதிகம்.

சரி, இனம் காண எது உதவும்? மஞ்சளும் கருப்புமாகச் சிறகுள்ள தும்பியைத் தூரத்துப் படத்திலேயே சொல்லிவிடலாம். ஊசித்தும்பிகள் அப்படியில்லை. பல இனங்களில் ஆணின் வால் நுனியிலுள்ள கொக்கி போன்ற உறுப்புகளைப் பக்கவாட்டில் பார்த்தால்தான் உறுதி. அந்த நுணுக்கம் கிளிப்பில் அருமையாக விழும். அதனால் முதலில் கிளிப்பைத்தான் வாங்கச் சொல்வேன், லென்ஸ் அப்புறம்.